கல்கிசையில் இறங்கிவிட்டவர்கள்: ஒரு பஸ் கேமின் முதல் பத்து நிமிடங்கள்

எங்கள் கேமை முதன்முதலாக விளையாடிப் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் கல்கிசையோடு நிறுத்திவிட்டார்கள். கொழும்புக்குத் தெற்கே மொறட்டுவையில் தொடங்கி, இரத்மலானை வரை ஒரு மாதிரிச் சமாளித்து, கல்கிசை ஹோல்டில் (பஸ் தரிப்பிடத்தில்) கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஃபோனை மேசையில் வைத்துவிடுவார்கள். "நல்லா இருக்கு" என்று சொல்வார்கள். பிறகேன் வைத்துவிட்டீர்கள் என்று கேட்டால் ஒரு சிரிப்பு வரும், பதில் வராது.

ஆட்கள் எங்கே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதை நிமிடக் கணக்கில் எழுதாமல் ஹோல்ட் கணக்கில் எழுதிவைத்தோம். பெயருக்கு எதிரே "இரத்மலானை", "கல்கிசை", "கல்கிசை", மறுபடியும் "கல்கிசை". அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு, பிழை விளையாடியவர்களுடையது என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. வயது, படிப்பு, பழக்கம் எல்லாவற்றிலும் வேறுபட்டவர்கள் ஒரே இடத்தில் இறங்கினால், அந்த இடத்தில்தான் ஏதோ கோளாறு.

கேமும் அதன் இதயமும்

நாங்கள் மூன்று பேர். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மாடியறையில் வேலை செய்கிறோம். ரயில் போகும்போது யன்னல் அதிரும். ஒருவர் படம் வரைவார், ஒருவர் புரோகிராம் எழுதுவார், விதிகளை வகுப்பது என் பொறுப்பு. செய்வது ஃபோனில் விளையாடும் ஒரு சிறிய கேம். நீங்கள் 101ஆம் இலக்கத் தனியார் பஸ்ஸின் நடத்துநர். மொறட்டுவையிலிருந்து காலி வீதி வழியே கொழும்பின் புறக்கோட்டை வரை போக வேண்டும். சாரதி தன்பாட்டில் ஓட்டுவார். ஆளேற்றுவது, காசு வாங்குவது, மிச்சக்காசு கொடுப்பது, மணியடித்து "ரைட்" சொல்வது உங்கள் வேலை.

இதில் உண்மையான கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த ஹோல்டில் இன்னும் எவ்வளவு நேரம் நிற்பது? காலி வீதியில் பஸ் ஏறிய எவருக்கும் இது தெரிந்த காட்சி. முன்னால் போகும் பஸ் ஹோல்டில் ஊர்ந்து ஊர்ந்து ஆள் சேர்க்கும். அதே இலக்கத்துப் பின் பஸ் கண்ணில் பட்டதும் வெருண்டு ஓடும். நின்றால் ஆள் கூடும், வசூல் கூடும். அதிகம் நின்றால் பின் பஸ் முந்திப்போய் அடுத்தடுத்த ஹோல்டுகளில் நிற்பவர்களை அள்ளிக்கொண்டு போய்விடும். உள்ளே இருப்பவர்களும் பொறுமையிழப்பார்கள். இந்த இழுபறிதான் கேம். மற்றதெல்லாம் அதற்குப் பக்கவாத்தியம்.

இதை எங்களுக்குள் நாங்கள் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். ஆனால் முதல் தடவை விளையாடுபவருக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது, இந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

பதினொரு பெட்டிகள்

முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில், கேம் முழுக்க முடிந்த பிறகு கடைசி வாரத்தில்தான் ரியூட்டோரியல், அதாவது புதியவருக்குக் கேமைச் சொல்லிக்கொடுக்கும் பகுதி, எழுத உட்காருவார்கள். அந்தப் பழக்கம் என்னோடு வந்துவிட்டது. எங்கள் முதல் பதிப்பில் பதினொரு எழுத்துப் பெட்டிகள் இருந்தன. நான்காவது பெட்டியில் இப்படி எழுதியிருந்தேன்: "பயணிகள் ஏறி முடிந்ததும், வலப்பக்கம் கீழேயுள்ள மணியை இருமுறை தட்டிப் பேருந்தைப் புறப்படச் செய்யவும்."

இந்த வசனத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிழையில்லாத தமிழ். விளக்கமும் தெளிவு. ஆனால் இது கேமுக்கு நேர் எதிரானதைக் கற்பிக்கிறது. "ஏறி முடிந்ததும்" புறப்படு என்கிறது. எப்போது புறப்படுவது என்பதுதானே இந்தக் கேமில் ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய முடிவு? அதை நானே எடுத்து, அவர் கையில் மணியை மட்டும் கொடுத்திருக்கிறேன். இதை எனக்கு விளங்கப்படுத்த மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

வாய் திறக்காமல் பார்ப்பது

சோதனைக்கு ஒரே ஒரு விதி வைத்தோம். விளையாடுபவருக்குப் பக்கத்தில் இருக்கலாம், பேசக்கூடாது. கேட்டாலும் பதில் சொல்லக்கூடாது. கேம் கடைக்கு வந்த பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பக்கத்தில் இருந்து விளக்க முடியாதே. கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். நாம் ஆக்கிய ஒன்றை ஒருவர் விளங்காமல் தடவும்போது நம் கை தானாக நீளும். நான் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் வந்தது பக்கத்து வீட்டுப் பையன், தரம் 7. ரியூஷன் முடித்து வந்து புத்தகப் பையைக் கழற்றாமலே உட்கார்ந்தான். பதினொரு பெட்டிகளையும் ஒரு மூச்சில் தட்டித் தள்ளினான். ஒன்றைக்கூட வாசிக்கவில்லை. ஆனாலும் மணி எங்கே இருக்கிறது, எப்படி அடிப்பது என்பதெல்லாம் இரண்டு விநாடியில் தெரிந்துவிட்டது. பஸ் நின்றதும் மணி, நின்றதும் மணி. மிதிபலகையில் ஒரு காலை வைத்தவரைக்கூட விட்டுவிட்டுப் போனான். கல்கிசையில் பஸ் பாதி வெறுமையாக இருந்தது. "இதில என்ன செய்யணும்?" என்று கேட்டான். நான் பேசவில்லை. ஃபோனைத் தந்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்தவர் கீழ்வீட்டு அன்ரி. ஓய்வுபெற்ற ஆசிரியை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதினொரு பெட்டிகளையும் வாய்விட்டு வாசித்தார். ஏழாவது பெட்டியில் ஓர் ஒற்றுப்பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னார். பையன் செய்யாத எல்லாவற்றையும் அவர் செய்தார்.

இரத்மலானை ஹோல்ட். பஸ் நின்றது. நாலைந்து பேர் ஏறினார்கள். அன்ரியின் ஆட்காட்டி விரல் மணிக்கு மேலே, தொடாமல், அந்தரத்தில் நின்றது. திரையின் இடது ஓரத்தில் ஊன்றுகோலோடு ஒரு முதியவர் மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தார். படம் வரைபவர் சும்மா அழகுக்காகச் சேர்த்த ஆள் அது. நடை மட்டும் கொஞ்சம் மெதுவாக வைத்திருந்தார். "பொறு பொறு, அந்த மனுசன் ஏறட்டும்" என்று அன்ரி சாரதியிடம் சொன்னார், சாரதி கேட்பார் என்பது போல. முதியவர் ஏறினார். விரல் இறங்கப் போனது. அதற்குள் குழந்தையோடு ஒரு பெண் ஓடி வந்தார். விரல் மறுபடி உயர்ந்தது. அந்த இடைவெளியில் பின் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அன்ரி அதைக் கவனிக்கவேயில்லை.

கல்கிசை ஹோல்டில் ஒரு குஞ்சும் இல்லை. "ஏன் ஒருத்தரும் ஏறேல்லை? ஃபோன் இறுகிட்டுதோ?" என்றார். நான் பேசாமல் இருந்தேன். சற்றுப் பொறுத்து, "எனக்கு இதுகள் சரிவராது தம்பி" என்று ஃபோனைத் திருப்பித் தந்தார்.

அந்த வசனம் என்னை இரண்டு நாள் உறுத்தியது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஒருவர், ஒவ்வொரு எழுத்தையும் வாசித்து, ஒவ்வொரு ஹோல்டிலும் யோசித்து முடிவெடுத்த ஒருவர், தனக்குத் திறமை போதாது என்று எண்ணி எழுந்து போகிறார். அவர் எடுத்த முடிவின் விளைவை நாங்கள் அவருக்குக் காட்டவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பழியை அவர் தன்மேல் போட்டுக்கொண்டார்.

மூன்றாவதாக, கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். பல வருடம் பஸ்ஸில் நடத்துநராக இருந்தவர், இப்போது ஓட்டோ ஓட்டுகிறார். இவராவது புறக்கோட்டை வரை போவார் என்று நம்பியிருந்தோம். மொறட்டுவை ஹோல்டிலேயே ஃபோனை அப்படியும் இப்படியும் திருப்பினார். திரையின் ஓரங்களைத் தேடினார். "தம்பி, பின்னால வார பஸ் எங்க?" என்றார்.

விதியை மீறி நானே சுட்டிக்காட்டினேன். திரையின் மேல் மூலையில் சிறிய பாதைப் படமும், அதில் ஒரு சிவப்புப் புள்ளியும் இருந்தன. அந்தப் புள்ளிதான் பின் பஸ். அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பின்னால வார பஸ்ஸப் பாக்காம எவன் ரைட் குடுப்பான்?" என்று கேட்டார்.

எங்கள் பிரச்சினை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. முடிவெடுக்கத் தேவையான ஒரே தகவலைச் சுண்டுவிரல் நகத்தளவு புள்ளியாக்கி, கண் போகாத மூலையில் வைத்திருந்தோம். பையனும் அன்ரியும் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் முடிவெடுப்பவர் அனுபவத்திலிருந்து எதைக் கற்க முடியும்? ஒன்றில் அவசரப்படுவார், அல்லது இரக்கப்படுவார். இருவரும் வந்து சேர்ந்தது கல்கிசையில்தான்.

கல்கிசையில் என்ன இருந்தது

கொப்பியோடு உட்கார்ந்து, கல்கிசையில் ஆட்டக்காரர் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க வேண்டியவற்றை எண்ணினோம். யார் காசு தரவில்லை, யாருக்கு மிச்சம் கொடுக்க வேண்டும், கையில் சில்லறை எவ்வளவு, பின் பஸ் எங்கே, நேரம் எவ்வளவு, அடுத்த ஹோல்டில் இறங்குபவர் யார். ஆறு.

மனிதர் ஒரே நேரத்தில் ஏழு விடயங்கள் வரை, ஒன்றிரண்டு கூடக் குறையலாம், நினைவில் பிடித்துவைக்கலாம் என்று உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். பிற்பாடு, 2001இல், நெல்சன் கோவன் அந்த எண்ணிக்கையை மறுபடி ஆராய்ந்து, ஏறக்குறைய நான்கு என்பதே சரி என்று வாதிட்டார். பழகிய ஆட்டக்காரருக்கு ஆறும் ஆறாகத் தெரியாது. சில்லறையும் மிச்சமும் சேர்ந்து ஒன்றாகிவிடும், நேரமும் பின் பஸ்ஸும் சேர்ந்து ஒன்றாகிவிடும். புதியவருக்கோ ஆறும் தனித்தனி ஆறுதான். நாங்கள் மூவரும் மாதக்கணக்கில் விளையாடி அந்த முடிச்சுகளைப் போட்டுக்கொண்டவர்கள். அதனால் கல்கிசை எங்கள் கண்ணுக்குச் சாதாரண ஹோல்டாகவே தெரிந்தது.

இன்னொரு குறையை எங்கள் புரோகிராமர் கண்டுபிடித்தார். ஹோல்டில் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதை எங்கள் கேம் ஒவ்வொரு முறையும் குலுக்கலில் தீர்மானித்தது. பையன் அவசரப்பட்டு மணியடித்த ஒரு ஹோல்டில், குலுக்கலில் பத்துப் பேர் வந்து வசூல் கொட்டியது. கவனமாக விளையாடிய இன்னொருவருக்கு இரண்டு பேர்தான் வந்தார்கள். பழகியவருக்கு இது சுவை. புதியவருக்கு இது பொய் சொல்லும் வாத்தியார்.

சிவிலைசேஷன் கேம்களை உருவாக்கிய சிட் மெயர் 2010இல் சான் பிரான்சிஸ்கோ கேம் உருவாக்குநர் மாநாட்டில் பேசியபோது இதற்குக் கிட்டிய ஒரு விடயத்தைச் சொன்னார். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தோடு போருக்குப் போன ஆட்டக்காரர்கள், கணக்குப்படி இடைக்கிடை தோற்க வேண்டியவர்கள்தான். ஆனால் தோற்றபோது கேம் பிழை என்று நினைத்தார்கள். அதே ஆட்கள் ஒன்றுக்கு மூன்று என்ற பலவீனத்தில் வென்றபோது எந்த முறைப்பாடும் இல்லை. மெயரின் குழு கணக்கை ஆட்டக்காரர்களின் மனத்துக்கேற்ப வளைத்தது. எங்கள் நிலைமை அதைவிட மோசம். அவருடைய ஆட்டக்காரர்கள் பலத்தையாவது பார்த்தார்கள்.

முதலில் செய்தது: எழுத்தைக் குறைத்தோம்

முற்றத்தில் செடிகளை நட்டுச் சோம்பிகளைத் தடுக்கும் பிளாண்ட்ஸ் வெர்சஸ் சோம்பீஸ் கேமை வடிவமைத்த ஜோர்ஜ் ஃபான், தன் தாயாரைக் கேம் முழுவதும் விளையாட வைத்தது எப்படி என்று 2012இல் ஓர் உரை நிகழ்த்தினார். ஒரே நேரத்தில் திரையில் எட்டுச் சொற்களுக்கு மேல் வேண்டாம் என்பது அவர் சொன்னவற்றுள் ஒன்று. நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளை வெட்டத் தொடங்கினோம்.

தமிழில் அந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது என்பது கையை வைத்த பிறகுதான் தெரிந்தது. "இறங்கவிருப்பவர்களுக்கு" என்பது ஒரே சொல், ஆனால் சிறிய ஃபோனில் பாதி வரியை அடைத்துக்கொள்ளும். எட்டுச் சொல் என்றால் நான்கு வரி. அதனால் சொல்லை எண்ணாமல் வரியை எண்ணினோம்: ஒரு வரி, அதற்கு மேல் இல்லை. மொழியின் தொனியும் மாறியது. "புறப்படச் செய்யவும்" என்று கந்தோர் அறிவித்தல் போல எழுதியதை விட்டுவிட்டு, பஸ்ஸில் கேட்கிற குரலையே வைத்தோம். "ஏறுங்க ஏறுங்க", "உள்ளுக்குப் போங்க", "ரைட்". வாசிக்க வேண்டிய தேவையே பாதி குறைந்தது.

இத்தனைக்கும் பிறகும் ஆட்கள் கல்கிசையில்தான் இறங்கினார்கள். பெட்டிகள் அழகாகிவிட்டன, சொல்லிக்கொடுத்த விடயம் மட்டும் மாறவில்லை. மணியைப் பற்றிப் பதினொரு பெட்டியில் சொன்னதை இப்போது மூன்று வரியில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிழையாய்ப்போன வழி: ஆலோசனை சொல்லும் மாமா

அடுத்ததாக நாங்கள் செய்ததை விரிவாகவே சொல்ல வேண்டும். இதே பாதையில் போகப் பலருக்கும் ஆசை வரும்.

ஹோல்டுகளில் நேரம் குறிக்கும் டைம் கீப்பரை ஒரு பாத்திரமாக்கினோம். பெரிய மீசை, காதில் பேனை. சரியான தருணத்தில் அவர் "தம்பி, இப்ப ரைட் குடு" என்பார். நல்ல குரல், ஆட்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. முதல் நாளே பலர் புறக்கோட்டை வரை போய்ச் சேர்ந்தார்கள். கொப்பியில் முதன்முறையாகக் "கோட்டை", "புறக்கோட்டை" என்று எழுதினோம். அன்றிரவு மூவரும் கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம்.

மறுநாள் அதே ஆட்களை மாமா இல்லாமல் இரண்டாவது பயணம் போகச் சொன்னோம். பழைய குருடி கதவைத் திறடி. இரத்மலானை, கல்கிசை, கல்கிசை.

அவர்கள் முதல் நாள் கற்றது மாமாவின் குரலுக்குக் கீழ்ப்படிவதை. பஸ்ஸைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்க்கவில்லை, மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மிக நேர்மையாகச் சொன்னார்: "அவர் சொல்லுவார்தானே எண்டு இருந்தன்." புறக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது மாமாதான். விடையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வினாவை வாசிக்க எவருக்கும் அவசியமில்லை. வகுப்பறையில் இது எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரிந்த விடயம்!

மாமாவை நீக்கிவிட்டோம். படம் வரைபவருக்கு மனம் வரவில்லை, எனக்கும்தான். இப்போது அவர் புறக்கோட்டையில் நேரம் குறிப்பதோடு சரி.

ஒரே வரிசைப் புல்

ஜோர்ஜ் ஃபானின் அதே கேமை மறுபடி எடுத்து விளையாடினோம். முதல் தடவை நாங்கள் அவருடைய சொல்லை எடுத்தோம், செய்கையைக் கவனிக்கவில்லை. அந்தக் கேமின் முதல் கட்டத்தில் முற்றத்தின் நடுவே ஒரே ஒரு வரிசைதான் புல். மற்றதெல்லாம் வெறும் மண். செடியை எந்த வரிசையில் நடுவது என்ற கேள்வியே எழாது. பிறகு மூன்று வரிசை, பிறகு ஐந்து. விளக்கத்தைச் சுருக்குவதற்குப் பதிலாக, விளக்கம் தேவைப்படாத அளவுக்கு உலகத்தையே சுருக்கியிருக்கிறார்.

எங்கள் மொறட்டுவையையும் இரத்மலானையையும் அப்படிச் சுருக்கினோம். முதல் இரண்டு ஹோல்டுகளில் எல்லோரும் சரியான காசைத் தாங்களே நடத்துநர் கையில் வைத்துவிட்டு ஏறுவார்கள். மிச்சக்காசு இல்லை, கடன் இல்லை, நேரக் கணக்கு இல்லை. மிஞ்சியது நிற்பதா போவதா என்ற ஒரு கேள்வி மட்டும். அந்த மூலைப் படத்தையும் சிவப்புப் புள்ளியையும் முழுக்க அழித்துவிட்டோம். அதற்குப் பதிலாக, திரையின் மேற்பக்கத்தில் அகலமான ஒரு பின்கண்ணாடி. அதில் பின் பஸ் சிறிதாகத் தோன்றி, பெரிதாகிக்கொண்டே வரும். நெருங்கியதும் ஹோர்ன். காலி வீதியில் காது பழகிய அதே நீண்ட ஹோர்ன்.

கண்ணாடி எங்களுக்கு முற்றிலும் புதிதாக உதித்த யோசனை அன்று. அண்ணன் கேட்டது அதைத்தான். இன்டு த பிரீச் என்ற 2018ஆம் ஆண்டுக் கேமிலும் இதே நேர்மை இருக்கிறது. எட்டுக்கு எட்டுக் கட்டப் பலகையில், எதிரிகள் அடுத்து எங்கே அடிக்கப் போகிறார்கள் என்பது நீங்கள் நகர்வதற்கு முன்பே திரையில் தெரியும். ஒளிப்பு மறைப்பு இல்லை. தோற்றால் யாரையும் நோக முடியாது, யோசனையைத்தான் திருத்த வேண்டும். எங்களுக்கும் அது வேண்டியிருந்தது.

விளைவையும் பக்கத்தில் கொண்டுவந்தோம். முன்பு, பின் பஸ்ஸிடம் இழந்த ஆட்களின் கணக்கு புறக்கோட்டையில் இறுதிப் பட்டியலில்தான் வரும். இரத்மலானையில் செய்த பிழைக்குப் புறக்கோட்டையில் அடி. எந்தப் பிழைக்கு எந்த அடி என்று யார் பொருத்திப் பார்ப்பார்? இப்போது, பின் பஸ் உங்களை முந்தினால் அடுத்த ஹோல்டில் அது உங்கள் கண்முன்னே ஆட்களை ஏற்றிக்கொண்டு நிற்கும். நீங்கள் போய்ச் சேரும்போது கடைசி ஆள் அதில் தாவி ஏறுவார். இந்த ஒரு காட்சி பதினொரு பெட்டிகளின் வேலையைச் செய்தது.

முதல் மூன்று ஹோல்டுகளில் குலுக்கலை நிறுத்தினோம். மொறட்டுவையில் சீக்கிரம் மணியடித்தால் ஓடிவரும் இருவரை இழப்பீர்கள். இரத்மலானையில் அளவு மீறி நின்றால் பின் பஸ் கட்டாயம் முந்தும். ஒவ்வொன்றும் ஒரு பிழையை மலிவாகச் செய்து பார்க்கும் இடம். கல்கிசையில் இரண்டும் சேர்ந்து வரும். குலுக்கல் தெஹிவளையில் தொடங்கும்.

ஐந்நூறு ரூபாய்த் தாள்

மிச்சக்காசு விடயம் கேமில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒருவர் குறுகிய தூரத்துக்கு 500 ரூபாய்த் தாளை நீட்டுகிறார். உடனே மிச்சம் கொடுத்தால் கையிலுள்ள சில்லறை தீர்ந்துபோகும். "இறங்கேக்க தாறன்" என்று டிக்கட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தால் சில்லறை மிஞ்சும், ஆனால் கடன் நினைவில் ஏறும். மறந்தால் சண்டை. நல்ல இக்கட்டு.

இதை எப்படி அறிமுகப்படுத்துவது என்பதற்கு வழிகாட்டியது 1985ஆம் ஆண்டின் சூப்பர் மாரியோ பிரதர்ஸ். அதன் முதற் கட்டத்தின் பிற்பகுதியில், படிக்கட்டுப் போல அடுக்கிய இரண்டு மேடுகள் எதிரெதிரே நிற்கும். நடுவில் தரை இருக்கும். தாவத் தவறினாலும் விழுந்து, எழுந்து, மறுபடி ஏறலாம். அதைத் தாண்டியதும் அதே போன்ற இன்னொரு சோடி. அங்கே நடுவில் தரை இல்லை, பள்ளம். விழுந்தால் உயிர் போகும். ஆனால் அந்தத் தாவலை ஆட்டக்காரர் சற்று முன்புதான் ஆபத்தில்லாமல் செய்து பார்த்தார். அதை வடிவமைத்த மியமோட்டோவும் தெஸுக்காவும் ஒரு சொல்லும் எழுதாமல் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

எங்கள் முதல் 500 ரூபாய்த் தாள் தெஹிவளையில் வருகிறது. அப்போது கையில் சில்லறை தாராளம். எந்த வழியில் போனாலும் பாதகமில்லை. கடன் சொன்னால் எப்படி, உடனே கொடுத்தால் எப்படி என்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது தாள் வெள்ளவத்தையில், சில்லறை குறைந்திருக்கும் நேரத்தில். தரையில்லாத பள்ளம் அதுதான்.

தாள்களைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பதிலும் அண்ணன் உதவினார். எண்களாகக் காட்டியிருந்தோம். அவர் தன் பணப்பையிலிருந்து தாள்களை எடுத்து, நீளவாட்டில் மடித்து, விரல்களுக்கு இடையில் ஒவ்வொரு வகையாகச் செருகிக் காட்டினார். ஐந்து வினாடி. இப்போது திரையின் அடியில் அந்தக் கை இருக்கிறது. நூறு ரூபாய்த் தாள்கள் குறைவது விரலிடுக்கு மெலிவதில் தெரியும். கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, கண்ணால் பார்த்தால் போதும்.

இன்னும் தீராதவை

கொப்பியில் கல்கிசை இப்போது அரிதாகத்தான் வருகிறது. பலர் வெள்ளவத்தை தாண்டுகிறார்கள், முதற் பயணத்திலேயே புறக்கோட்டை போகிறவர்களும் உண்டு. எங்களுக்கு அதைவிட முக்கியமானது, இரண்டாவது பயணத்திலும் அவர்கள் பின்வாங்காதது.

கேம்களில் ஊறிய இளைஞர்களுக்கு முதல் இரண்டு ஹோல்டுகள் சப்பென்று இருக்கின்றன. அவர்களுக்காகத் தெஹிவளையிலிருந்து தொடங்கும் ஒரு வழி வைக்கலாமா என்று யோசிக்கிறோம். மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு தங்கைக்குக் கண்ணாடியில் வரும் பஸ் ஏன் ஆபத்து என்று உடனே பிடிபடவில்லை. கொழும்பில் வளர்ந்தவரின் காதிலுள்ள அந்த ஹோர்னை நாங்கள் அளவுக்கு மீறி நம்பியிருக்கிறோம். அடுத்த ஹோல்டில் பின் பஸ் ஆளேற்றும் காட்சியைக் கண்ட பிறகுதான் அவருக்கு வெளித்தது. அதனால் அந்தக் காட்சி ஒரு தடவையாவது எல்லோருக்கும் வரும்படி, அதைத் தொடக்கத்துக்கு, மொறட்டுவைக்கே நகர்த்த வேண்டியிருக்கிறது.

திரும்பத் திரும்பத் தோற்பவர்களுக்கு என்ன செய்வது என்பதிலும் ஓர் உடன்பாட்டுக்கு வரவில்லை. 2020இல் வந்த ஹேடீஸ் கேமில், விரும்பியவர்கள் ஒரு தெரிவைப் போட்டுக்கொள்ளலாம். ஆட்டக்காரர் வாங்கும் அடி முதலில் நூற்றுக்கு 20 பங்கு குறையும், பிறகு ஒவ்வொரு தடவை சாகும்போதும் மேலும் 2 பங்கு குறையும். உதவியைக் கேட்பவருக்கு, மானம் போகாமல் கொடுக்கிற வழி அது. பின் பஸ்ஸின் வேகத்தை அப்படி மெல்ல மெல்லக் குறைக்கலாம் என்று நான் சொல்கிறேன். புரோகிராமர், பின் பஸ்ஸைத் தொட்டால் கேமின் இதயத்தையே தொடுவதாகும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஊன்றுகோல் முதியவரைப் பற்றியும் வாக்குவாதம் நடந்தது. அன்ரி அவருக்காகக் காத்திருந்ததைப் பார்த்த பிறகு, படம் வரைபவர் அவரை ஏற்றினால் மேலதிகப் புள்ளி கொடுக்கலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. புள்ளி கொடுத்தால் எல்லோரும் புள்ளிக்காக நிற்பார்கள். முதியவருக்காக நிற்க முடியாமல் போய்விடும். அவர் இப்போதும் இரத்மலானையில் வருகிறார், அதே மெதுவான நடையோடு. பம்பலப்பிட்டியில் மறுபடி வருகிறார். ஏற்றினால் சாதாரணக் காசு, ஏற்றாவிட்டால் தண்டனை ஏதுமில்லை.

போன கிழமை அன்ரியிடம் மறுபடி ஃபோனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "திருப்பியும் அதுவோ?" என்றார். ஆனால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். மொறட்டுவையில் அவசரப்பட்டு இருவரை விட்டார், "சீ" என்றார். இரத்மலானையில் ஹோர்ன் கேட்டதும் நிமிர்ந்து மேலே பார்த்தார். விரல் சட்டென்று இறங்கியது. கல்கிசை, தெஹிவளை தாண்டி, வெள்ளவத்தையில் இரண்டாவது 500 ரூபாய்த் தாளுக்குக் கடன் சொன்னார். பயணம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

பம்பலப்பிட்டி. ஆட்கள் ஏறி முடிந்தார்கள். இடது ஓரத்தில் ஊன்றுகோல் தெரிந்தது. கண்ணாடியில் பின் பஸ் பாதி அளவுக்கு வளர்ந்திருந்தது. ஹோர்ன் கேட்டது. அன்ரி மேலே பார்த்தார், பிறகு முதியவரைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். விரல் மணிக்கு மேலே நின்றது. நான் மூச்சு விடவில்லை.

"கொள்ளுப்பிட்டியில ஒருத்தரும் மிஞ்சாயினம் என்ன?" என்றார், தனக்குத்தானே. "போனாப் போகட்டும்."

முதியவர் இரண்டு கால்களையும் உள்ளே வைத்த பிறகுதான் மணியை இருமுறை தட்டினார்.